பத்து நாள் மருந்து

ஜனவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நீ, மாப்பிள்ளை, மருமகள் எல்லோரும் நலம்தானே? நாற்பத்தைந்து வயது அம்மாவை இன்னும் வாலு என்று கூப்பிடலாமா என்று உன் மகள் போன தடவை என்னிடம் கேட்டாள். வால் எப்போது விழுகிறதோ அப்போது பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்.

இந்தத் தடவை பார்சலில் உன் கண் சொட்டு மருந்து மூன்று பாட்டில் இருக்கிறது. எப்போதும் இரண்டுதான் வைப்பேன். இப்போதெல்லாம் மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதனால் ஒன்று கூட. துணிப் பஞ்சும் சாயப்பொடியும் பறக்கிற இடத்தில் வேலை செய்தால் கண் அரிக்கத்தான் செய்யும். கசக்காதே. அரிப்பு வந்ததும் ஒரு சொட்டு விட்டுக்கொள்.

கடை நன்றாகப் போகிறது. எதிர் வரிசையில் இருந்த டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். இப்போது தெருவே என்னிடம்தான் வருகிறது. சளி, காய்ச்சல், தோல் அரிப்பு எல்லாவற்றுக்கும் "நீங்களே பாத்துக் குடுங்கண்ணே" என்கிறார்கள். உன் அண்ணி என்னைப் பாதி டாக்டர் என்று கேலி செய்கிறாள். மீதிப் பாதியும் முப்பத்திரண்டு வருட அனுபவத்தில் வந்துவிட்டது என்று சொன்னேன். உதட்டைப் பிதுக்கினாள்.

என் கண்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. போன வாரம் ஜவுளிக்கடை வாசலில் நம் பழைய தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். "என்ன சார், இப்படி இளைச்சிட்டீங்க" என்று நின்று விசாரித்தேன். பதில் வரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் சட்டை மாட்டி வைத்த பொம்மை. அண்ணி இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கண்ணைக் காட்டு, காட்டு என்று ஒரே நச்சரிப்பு. அறுபத்திரண்டு வயதில் இதெல்லாம் சகஜம்.

போனில் பேசினால் என்ன, இரண்டு பேரும் என்ன ராஜாங்கக் கடிதமா எழுதுகிறீர்கள் என்றும் கேட்கிறாள். போனில் நாம் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது. கடிதத்தில் சண்டை போட நான்கு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும்.

பதில் எழுது. இரண்டு வரி எழுதி ஏமாற்றாதே.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 23

அண்ணா,

பார்சல் வந்தது. இரண்டு வரி இல்லை, இரண்டு பக்கம் எழுதுகிறேன். படித்து முடித்ததும் கண் வலிக்கிறது என்று என்னைச் சொல்லாதே.

வேலையில் ஒன்று நடந்தது. அவரிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. என் வேலை உனக்குத் தெரியும். சாயம் ஏறி வந்த துணியில் ஒரு துண்டு வெட்டி, வாங்குகிறவர்கள் கொடுத்த மாதிரித் துண்டோடு விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, சேரும் என்றோ சேராது என்றோ சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக நான் சேரும் என்று சொன்னது சேராமல் போனதில்லை. இயந்திரம் ஒரு எண்ணைக் காட்டும், நான் ஒன்று சொல்லுவேன். முதலாளி என் பக்கம்தான் நிற்பார்.

போன மாதம் மருத்துவமனைச் சீருடைக்கு ஒரு பெரிய லாட், கருநீலம். நான் சேரும் என்று கையெழுத்துப் போட்டேன். முழுதும் திரும்பி வந்துவிட்டது. பச்சை அடிக்கிறதாம். மேலாளர் இரண்டு துண்டையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பாருங்கம்மா" என்றார். பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அவர் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் துண்டுகளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக யோசிக்கிறேன். மதியம் கேட்டை விட்டு வெளியே வந்தால் வெளிச்சம் கண்ணில் அறைகிறது. சாலையில் எதிரே வருகிறவர்கள் உருவமாகத் தெரிகிறார்கள், முகம் தெரிவதில்லை. சாயங்காலம் நிழல் விழுந்த பிறகு பரவாயில்லை. அரிப்பு வேறு. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மருந்து விட்டுக்கொள்கிறேன். விட்டதும் சுகமாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் இந்த வேலையை எப்போதோ விட்டிருப்பேன்.

கண்ணாடி மாற்ற வேண்டும் போல. வெள்ளெழுத்து வருகிற வயதுதானே?

நீ முதலில் உன் கண்ணைக் காட்டு. ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற மனிதன் பொம்மையிடம் நலம் விசாரித்துக்கொண்டு நிற்பது நமக்குக் கௌரவமா? அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த கடிதத்தில் ஆஸ்பத்திரிச் செய்தி இருக்க வேண்டும்.

உன்
வாலு


பிப்ரவரி 5

அன்புள்ள வாலுவுக்கு,

நீயும் அண்ணியும் சேர்ந்து சாதித்துவிட்டீர்கள். போய்விட்டு வந்தேன். இரண்டு கண்ணிலும் புரையாம். வலதில் நன்றாக முற்றியிருக்கிறது. இடது பின்னாலேயே வருகிறது.

பெரிய கண் ஆஸ்பத்திரி. கூடத்தில் பெஞ்சு பெஞ்சாக ஆட்கள். பாதிப் பேருக்கு ஒரு கண்ணில் பஞ்சுக் கட்டு. எனக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர். சிக்னல் சிவப்பா பச்சையா என்று முப்பது வருடம் பார்த்த கண்ணுக்கு, இப்போது பேரப்பிள்ளை வைத்திருப்பது பந்தா பலூனா என்று தெரியவில்லை என்றார். அந்தப் பக்கம் ஒரு சமையல்கார அம்மா. அதற்கு அப்பால் ஒரு வக்கீல். எல்லோருக்கும் ஒரே வியாதி. கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

டாக்டர் சின்னப் பெண். எனக்கு ஏன் வந்தது என்று கேட்டேன். சிரித்தாள். "ஐயா, இந்த வயசுல வரலைன்னாத்தான் ஏன்னு கேக்கணும். உங்களை மாதிரி அறுபது தாண்டினவங்க நூறு பேரை வரிசையா உக்கார வெச்சுப் பாத்தா, பாதிப் பேருக்காவது கொஞ்சமோ நெறையவோ இருக்கும். முடி நரைக்கிற மாதிரிதான்" என்றாள். நரைக்கு மை பூசலாம், இதற்கு என்ன என்று கேட்டேன். மங்கின லென்ஸை எடுத்துவிட்டு புது லென்ஸ் வைப்பதுதான் வழி, கால் மணி நேர வேலை, சொட்டு மருந்தில் கரையாது என்றாள்.

சிலருக்கு மட்டும் ஏன் சீக்கிரம் வருகிறது என்றேன். விரல் விட்டு எண்ணினாள். சர்க்கரை நோய், சிகரெட், வருடக்கணக்காக வெயிலில் அலைவது, எப்போதோ கண்ணில் பட்ட அடி, குடும்பத்தில் யாருக்காவது இருப்பது, சில மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பது. ஒவ்வொரு விரலுக்கும் அண்ணி பக்கத்திலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். சர்க்கரை எனக்கு உண்டு. சிகரெட்டைப் பற்றி உனக்குத் தெரியும். கடை வைப்பதற்கு முன் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடம் வெயிலில் சைக்கிள் மிதித்ததும் நான்தான். வீடு வந்து சேர்ந்ததும் அண்ணி சிகரெட் பாக்கெட்டை எடுத்து வாளித் தண்ணீரில் அமுக்கினாள்.

மார்ச் பதினெட்டில் வலது கண்ணுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

உன் கருநீலச் சமாசாரம் மனதில் கிடக்கிறது. உனக்குப் புரை வருகிற வயது இல்லை. ஆனால் கூடப் பிறந்தவனுக்கு இருப்பதால் நீயும் ஒரு தடவை காட்டிவிடு. பயப்பட ஒன்றுமில்லை. மருந்து இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் இன்னும் வரும்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 19

அண்ணா,

காட்டினேன். எனக்கும் புரைதான்.

கண்ணாடிக் கடை மாடியில் ஒரு கண் டாக்டர் உட்காருகிறார். கண்ணாடி மாற்றத்தான் போனேன். அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் பார்த்தார். உங்கள் வயது என்ன என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு கண்ணிலும் லென்ஸின் பின்பக்கத்தில் புரை படர்ந்திருக்கிறதாம். வெயிலில் கண் கூசுவதும் நிறம் மங்குவதும் அதனால்தானாம்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கரை இருக்கிறதா? இல்லை. புகை? இல்லை. வெயிலில் வேலையா? இல்லை, நாள் முழுக்க அறைக்குள்தான். கண்ணில் அடி பட்டதா? இல்லை. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? தலைவலி மாத்திரைகூட நான் தொடுவதில்லை என்றேன். வீட்டில் யாருக்காவது? அண்ணனுக்கு என்றேன், அறுபத்திரண்டில் என்றும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். "அது கணக்குல வராதும்மா. உங்களுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துச்சுன்னு எனக்குப் பிடிபடலை" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மேலாளரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை முதல் நான் பேக்கிங் பிரிவில். மடித்து, உறை போட்டு, சீட்டு ஒட்டுகிற வேலை. என் விளக்குப் பெட்டிக்கு முன்னால் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர்தான். சந்தேகம் வந்தால் பழக்கத்தில் என்னிடம் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பிப் போகிறார்.

உன் ஆஸ்பத்திரிக் கூடத்தில் வயதானவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டதை எழுதியிருந்தாய். என்னை யார் விசாரிப்பார்கள்? நான் என்ன தப்புச் செய்தேன் என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. அம்மாவுக்கு இருந்ததா? நீ பெரியவன், உனக்குத் தெரிந்திருக்கும்.

ஆபரேஷன் என்றால் பயமில்லை. மறுபடியும் கருநீலம் கருநீலமாகத் தெரியுமா என்றுதான் பயம்.

மருந்து ஒரு பாட்டில்தான் மிச்சம். சீக்கிரம் அனுப்பு.

உன்
வாலு


மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

முந்தாநாள் போன் செய்து, அந்தச் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, எத்தனை வருடமாகப் போடுகிறாய் என்று சொல் என்றேன். ஏன் என்று கேட்டாய். எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு தாள் கிழித்தாயிற்று.

அம்மாவுக்கு இல்லை. உனக்கு வந்ததற்கு நான்தான் காரணம்.

ஆறு வருடத்துக்கு முன் உனக்குக் கண் சிவந்து வீங்கியபோது ஒரு கண் டாக்டர் இந்த மருந்தை எழுதினார். சீட்டை நீ என்னிடம்தான் கொடுத்தாய். பத்து நாள், பிறகு வந்து காட்டவும் என்று எழுதியிருந்தார். பத்து நாளில் சரியாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அரித்தது. டாக்டரிடம் போனால் அரை நாள் லீவு போகும் என்றாய். நான் ஒரு பாட்டில் அனுப்பினேன். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மாதாமாதம்.

அதில் இருப்பது ஸ்டீராய்டு. அரிப்பை ஒரு மணி நேரத்தில் அடக்கும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போட்டால் லென்ஸை மங்கவைக்கும். கண்ணுக்குள் அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அழுத்தம் ஏறுவது வலிக்காது, தெரியாது. நரம்பைத் தின்றுவிடும். புரையை எடுத்துவிடலாம். நரம்பு போனால் திரும்பாது. அதனால்தான் போனில் அப்படி அவசரப்படுத்தினேன்.

இது எனக்குத் தெரியாது என்று எழுத ஒரு தாளில் ஆரம்பித்தேன். அதைத்தான் முதலில் கிழித்தேன். தெரியும். நான் படித்த படிப்பில் இருந்தது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கிறது. உனக்கு அனுப்பும்போது பெட்டி இடத்தை அடைக்கிறது என்று அதைப் பிரித்து, தாளைக் குப்பையில் போட்டு, பாட்டிலை மட்டும் துணியில் சுற்றி வைத்தேன். மாதாமாதம் என் கையாலேயே செய்தேன். சில மருந்துகளாலும் வரும் என்று அந்த டாக்டர் பெண் சொன்னபோதும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அதை அப்படியே உனக்கு எழுதினேன். அதே பார்சலில் இரண்டு பாட்டிலும் வைத்தேன். என் மண்டையில் உறைக்கவில்லை. தெரு முழுக்க நீங்களே பாருங்கண்ணே என்றதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

நீ எழுதிய கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டு, கடைசி வரியில் மருந்து அனுப்பு என்கிறாய். நீ அதை மருந்து என்றே நினைக்கவில்லை. அண்ணன் அனுப்புவது என்று நினைத்திருக்கிறாய்.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

அண்ணன்


மார்ச் 13

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று தெரிவிப்பது கடமை என்பதால் எழுதுகிறேன்.

பாட்டிலைக் காட்டினேன். ஆறு வருடம் என்றதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். யார் எழுதிக் கொடுத்தது என்றார். நானாக வாங்கிப் போட்டேன் என்றேன். படித்த அம்மா இப்படிச் செய்யலாமா என்று அரை மணி நேரம் அறிவுரை சொன்னார். கேட்டுக்கொண்டேன். அரிப்புக்கு வேறு மருந்து கொடுத்திருக்கிறார். இத்தனை வருடமும் அது கடையில் இருந்திருக்கிறது.

கண் அழுத்தம் கூடியிருக்கிறது. அதைக் குறைக்க ஒரு மருந்து. ஒரு கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, புள்ளி வெளிச்சம் தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது கண்ணுக்கு நரம்பு நன்றாக இருக்கிறது. இடது கண்ணில் ஓரமாக ஒரு சிறு பகுதியில் புள்ளி வந்ததே எனக்குத் தெரியவில்லை. அது போனது போனதுதானாம். இன்னும் ஒரு வருடம் தாமதித்திருந்தால் அதிகம் போயிருக்கும் என்றார். நீங்கள் போன் செய்ததால் பிழைத்தது என்று அவர் (என் வீட்டுக்காரர்) சொல்கிறார். அவர் எல்லோருக்கும் பரிந்து பேசுகிறவர்.

அழுத்தம் இறங்கி நின்ற பிறகுதான் புரைக்கு ஆபரேஷன். மே மாதம் ஆகலாம்.

நீங்கள் டாக்டர் என்று நினைத்து நான் அந்த மருந்தைப் போடவில்லை. டாக்டர் கொடுத்திருந்தால் எத்தனை நாள், எதற்கு என்று கேட்டிருப்பேன். நீங்கள் அனுப்பியதால் ஒன்றுமே கேட்கவில்லை. அப்பா போன பிறகு பதினோரு வயதிலிருந்து உங்களிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. நீங்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நான்கு நாளில் பாதிக் கோபம் ஆறிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். ஒன்பது நாள் ஆகிறது.

இனி பார்சல் வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை


ஏப்ரல் 21

வாலு,

கடிதம் வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள். பதில் எதிர்பார்த்து எழுதவில்லை.

அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மாப்பிள்ளை அண்ணியிடம் சொன்னார். சாதாரண அளவுக்கு வந்துவிட்டதாம். அழுத்தத்துக்குக் கொடுத்த மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாதே. சரியாகிவிட்டது என்று நீயாக நிறுத்தாதே. வருடம் இரண்டு தடவையாவது நரம்பைப் பார்க்கச் சொல். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் சரியானதைத்தான் சொல்கிறேன். டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்.

எழுத்து கோணலாகப் போகிறது, மன்னித்துவிடு. கோடு தெரியவில்லை. இதற்கு மேல் எழுதுவதற்கில்லை.

அண்ணன்


ஜூன் 9

அண்ணா,

மே இருபத்தாறாம் தேதி வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. அவர் சொல்லியிருப்பார். இருந்தாலும் நான் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்ததும் முதலில் நர்ஸின் சட்டை தெரிந்தது. நீலம். என்ன நீலம் என்கிறாய். பதினெட்டு வருடம் நிறம் பார்த்தவள், அழுதுவிட்டேன். கண்ணீர் விடக்கூடாது என்று நர்ஸ் திட்டினார். வீட்டுக்கு வந்தால் சுவர் வெள்ளையாக இருக்கிறது. இத்தனை நாள் அதை மங்கிய மஞ்சள் என்று நினைத்து, எப்போது வெள்ளையடிப்பது என்று அவரைப் படுத்தியெடுத்திருக்கிறேன். அவருக்கு இவ்வளவு நரை என்றும் இப்போதுதான் தெரிகிறது. அவர் இதை அவ்வளவு ரசிக்கவில்லை. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கிறேன். இடது கண்ணால் பார்த்தால் உலகம் டீயில் நனைத்த துணி. வலதால் பார்த்தால் துவைத்து உலர்த்தியது.

நிறம் பார்க்கும் அறைக்குத் திரும்புவது பற்றி இரண்டு கண்ணும் ஆன பிறகு பேசலாம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம். கிடைக்காவிட்டாலும் பேக்கிங்கில் காலம் ஓட்டிவிடுவேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு போட மூன்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு பாட்டிலில் இருந்த பெயரைப் படித்தேன். அதே மருந்து. டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "இது நல்ல மருந்தும்மா. புண்ணு ஆறணும்னா இது வேணும். நாலு வாரம், வாராவாரம் சொட்டைக் குறைச்சுக்கிட்டே வருவோம். அழுத்தத்தை நான் பாத்துக்கிட்டே இருப்பேன். அதுக்கு மேல ஒரு நாள்கூடப் போடக்கூடாது." வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்து, புதுக் கண்ணால் இரண்டு பக்கமும் படித்தேன். பொடி எழுத்து. எல்லாம் அதில் இருக்கிறது. படிக்கப் படிக்க மறுபடியும் உன் மேல் ஆத்திரம் வந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு, சொட்டை விட்டுக்கொண்டேன்.

அண்ணி போன வாரம் போன் செய்தாள். நீ வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பேசினாள். நீ எனக்கு எழுதாததை எல்லாம் சொன்னாள்.

மார்ச் முழுக்க, ஏப்ரல் முழுக்க, அந்த மருந்தை உன்னிடம் சீட்டில்லாமல் வாங்கியவர்களின் வீட்டுக்கெல்லாம் நீ நடந்தாயாம். இருபத்து மூன்று வீடு. பெயர் தெரியாதவர்களை முகத்தை வைத்துத் தேடினாயாம். அந்த முகமும் உனக்குச் சரியாகத் தெரியாமல், அண்ணி கூட வந்து "இவர்தான்" என்று காட்ட வேண்டியிருந்ததாம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நான் குடுத்தது தப்பு, நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாயாம். தையல்காரர் தெருவில் வைத்துக் கத்தினார், நீ தலை குனிந்து நின்றாய் என்றாள். முடிதிருத்துகிறவர் வீட்டு அம்மா உன்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார், அதுதான் உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்றாள். லாரி மெக்கானிக்குக்கு இரண்டு கண்ணிலும் அழுத்தம் எகிறிப் போயிருந்ததாம், சமயத்தில் பிடித்துவிட்டார்களாம். அவர் இன்றைக்கும் உன்னோடு பேசுவதில்லையாம். கடைக்கு இப்போது பழைய கூட்டம் இல்லையாம்.

இதற்காக உன் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாயாம். எல்லா வீட்டுக்கும் போய் முடிக்காமல் எனக்கு மட்டும் கண் வேண்டாம் என்றாயாம். முடித்த பிறகும் போகவில்லையாம். இது என்ன பேச்சு அண்ணா? உன் கண் மங்கிக் கிடந்தால் என் நரம்பு திரும்பி வந்துவிடுமா? எனக்கு வந்தது நீ செய்ததால் வந்தது. உனக்கு வந்தது ஊரில் பாதிப் பேருக்கு வருகிறது. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு உனக்கு நீயே தண்டனை கொடுத்துக்கொண்டால், அதையும் நான்தான் சுமக்க வேண்டும். அண்ணி ஜூலை ஏழாம் தேதிக்கு நாள் வாங்கிவிட்டாள். முரண்டு பிடிக்காமல் போ.

கோபம் போய்விட்டது என்று எழுத முடியவில்லை. இடது பக்கம் யாராவது வந்து நின்றால் தலையைத் திருப்பினால்தான் தெரிகிறது. திருப்புகிற ஒவ்வொரு தடவையும் உன் ஞாபகம் வருகிறது. சில நாள் அது கோபமாக வருகிறது. சில நாள், என்ன செய்துகொண்டிருப்பான், சாப்பிட்டானா என்று வருகிறது. இரண்டுக்கும் நடுவில் நானே அல்லாடிக்கொண்டிருக்கிறேன். நீ எதையும் சமாதானம் சொல்ல வேண்டாம். அது பாட்டுக்கு ஆறட்டும்.

இடது கண்ணுக்கு இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மகளுக்குத் தேர்வு. கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நேற்று படிவம் நிரப்பினேன். துணைக்கு வருபவர் என்று ஒரு கட்டம், நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். உன் பெயரை எழுதி, பக்கத்தில் அண்ணன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மாற்ற முடியாதாம்.

காலை ஏழு மணிக்கு வாசலில் இருக்க வேண்டும். முந்தின நாளே வந்துவிடு. அண்ணியையும் அழைத்து வா. நீ மட்டும் வந்தால் யாருக்கு யார் துணை என்று நர்ஸ் என்னைக் கேட்பார்.

உன்
வாலு